டயர் ரோட்டில் கொள்ளு அடித்த கதை

கொதிக்கிற தாரில் பழைய டயர் கரைகிற வாசனை மூக்கோடு நிற்காது. உள்ளே இறங்கி, நெஞ்சில் ஒரு துண்டை விரித்து, காலை நீட்டி உட்கார்ந்துகொள்ளும். மற்றவர்களுக்கு மல்லிகையில் பழைய காதல் திரும்பி வருகிறது, மழை விழுந்த மண்ணில் சிறு வயது திரும்பி வருகிறது. எனக்கு எல்லாமே டயரில்தான் வரும். போன வாரம் செம்பட்டிக்குப் போகிற வழியில் எங்கோ ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சிவப்புக் கொடியை நீட்டி பைக்கை நிறுத்தினார். பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி ஜோதி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பாவம், அந்த அம்மாவுக்கு நாற்றம் தாங்கவில்லை என்று கொடிக்காரர் நினைத்திருப்பார். என் முதுகுக்குத்தான் தெரியும், அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சிரிப்புக்கு ஒரு கதை இருக்கிறது.

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. (ஆகவில்லை என்பது நாகரிகமான பேச்சு. யாரும் பெண் கொடுக்கவில்லை என்பதுதான் நிலவரம்.) திண்டுக்கல்லில் காதர் பாய் என்ற ரோடு கான்ட்ராக்டரிடம் சைட் சூப்பர்வைசராக இருந்தேன். காலையில் மனிதனாகக் கிளம்பி மாலையில் தார் டின்னாகத் திரும்புகிற உத்தியோகம். பெண் வீட்டுக்காரர்கள் வந்து பார்ப்பார்கள், காபி குடிப்பார்கள், என் விரல் நகங்களைப் பார்ப்பார்கள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பார்கள்.

ஜோதி வீட்டில் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. குஜிலியம்பாறையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மானாவாரி ஊர். அந்த ஊர் அங்கன்வாடியில் வேலை பார்த்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கண்ணில் ஒரு 'பரவாயில்லை' தெரிந்தது. அந்த வயதில் எனக்கு அதுவே அமாவாசையில் எழுந்த நிலா. அவள் அப்பா வெள்ளைச்சாமிதான் இழுத்தார். "யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்றார். யோசித்தார், யோசித்தார், தை போய் மாசி வந்தும் யோசித்துக்கொண்டே இருந்தார்.

அந்த நேரத்தில்தான் காதர் பாய்க்கு அந்த ஊர் ரோடே ஒப்பந்தத்தில் வந்து விழுந்தது. அதுவும் வெறும் தார் ரோடு கிடையாது, அந்தப் பக்கத்துக்கே முதல் டயர் ரோடு. தேய்ந்துபோன லாரி டயர்களை அரைத்துக் காப்பித்தூள் மாதிரி ஆக்கி, கொதிக்கும் தாரில் கொட்டிக் கிளறி, அதில் ஜல்லியைப் புரட்டிப் போடுகிற ரோடு. வெயிலில் இளகாது, சீக்கிரம் வெடிக்காது, சுமை ஏறினால் கொஞ்சம் அமுங்கிக் கொடுத்து மறுபடி நிமிரும். குப்பைமேட்டில் மழைத்தண்ணீர் தேக்கிக் கொசு வளர்க்கிற டயருக்கும் ஒரு போக்கிடம் கிடைக்கும். ஆயுள் முழுக்க ரோட்டின் மேல் உருண்ட ஒன்று, செத்த பிறகு ரோடாகவே படுத்துக்கொண்டு, தன் வாரிசுகளைத் தன் மேல் ஓட விடுகிறது. டீக்கடையில் இதைச் சொல்லும்போதெல்லாம் கண் கலங்கும். (என் கண் மட்டும்.)

காதர் பாய் கலங்குகிற ஆள் இல்லை. கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, இது சூட்டுல பசை மாதிரி ஒட்டும். ரோலர் ஓட்டி, ஆறி, நான் வந்து பாக்குற வரைக்கும் ஒரு கோழிகூட குறுக்க போகப்படாது. முக்கியமா கொள்ளு."

"கொள்ளா பாய்?"

"அந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு ரோடுன்னா களம். புது ரோடுன்னா புதுக் களம். நீ மூஞ்சியத் திருப்புனா போதும், கொடியப் பரப்பிருவாங்க. ரோட்டப் பாக்க கவர்மெண்டு இஞ்சினியரம்மா வேற நேர்ல வர்றாங்க. விட்டுறாதப்பா."

அவர் சொன்னது பொய்யில்லை. அறுத்துக் காயவைத்த கொள்ளுக்கொடியைத் தார் ரோட்டில் பரப்பிவிட்டு ஓரமாக நின்றுகொள்வார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி இறங்கி அடித்துக் கொடுத்துவிட்டுப் போகும். பிறகு கூட்டி, தூற்றி, மூட்டை கட்ட வேண்டியதுதான். அரசாங்கம் டீசல் போட்டு அடித்துக் கொடுக்கிற கொள்ளு. கூடாது என்று சட்டம் சொல்லும். சட்டம் வந்து கொள்ளு அடித்துக் கொடுக்காது.

வேலை ஆரம்பிக்கிறதுக்கு முந்தின நாள் ஊர் டீக்கடையில் கூட்டம் கூடியது. நான் பெஞ்சில் ஏறி நிற்காத குறையாக டயரின் பெருமைகளைப் பாடினேன்.

"ரப்பர் ரோடுன்னா பஸ்ஸு துள்ளித் துள்ளிப் போகுமா அப்பு?" என்றார் சடையாண்டித் தாத்தா. ஊரில் எல்லாவற்றுக்கும் முதல் கேள்வி அவருடையதுதான்.

"துள்ளாது தாத்தா."

"துள்ளலேன்னா அப்பறம் எதுக்கு ரப்பரு?"

"எங்க வீட்டுல நாலு டயர் சும்மா கிடக்கு," என்றார் ஓர் அக்கா. "அதக் குடுத்தா எங்க வாசல் வரைக்கும் போட்டுக் குடுப்பீகளா?"

வெள்ளைச்சாமி மட்டும் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார். எல்லாரும் கேட்டு முடித்த பிறகு நிமிர்ந்தார்.

"அமுங்கிக் குடுக்கும்னு சொன்னீகளே தம்பி. இப்ப இருக்குற ரோட்டுல ஜல்லி குத்தி பாதிக் கொள்ளு ஒடஞ்சு போகுது. இதுல ஒடயாதோ?"

"உடையவே உடையாது மாமா."

மாமா என்று எப்படி வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. தானாக வழுக்கி விழுந்தது. அவர் மறுக்கவில்லை. அவர் மறுக்காத அந்த நொடியில் எனக்குள் நாதஸ்வரம், தவில், பந்தல், வாழைமரம், பந்தியில் இரண்டாவது பாயசம் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிறவனுக்கு முப்பத்தாறு வயது வரை ஏன் கல்யாணம் ஆகாமல் இருக்கிறது?

"நாளைக்கே போட்டுப் பாருங்க மாமா. பஸ்ஸுக்கு ஏன் காத்துக் கிடக்கணும்? நம்ம ரோலர்தான் நிக்குதே."

(ரோலர் காதர் பாயுடையது. 'நம்ம' மட்டும்தான் என்னுடையது.)

மறுநாள் வெயில் ஏறும்போது ஊர் முகப்பில் முதல் துண்டு ரோடு விழுந்திருந்தது. கருகருவென்று, எண்ணெய் தேய்த்துக் குளித்த யானை படுத்திருக்கிற மாதிரி. மேலே அனல் ஆடிக்கொண்டிருந்தது. அந்த அனலுக்குப் பின்னால், கானல் நீரில் மிதந்து வருகிற கப்பலைப் போல, ஒரு டிராக்டர் வந்தது. ட்ரெய்லர் நிறையக் கொள்ளுக்கொடி. அதன் மேல் வெள்ளைச்சாமி. அவர் பின்னால் பங்காளிகள், அவர்கள் பின்னால் விளக்குமாறு பிடித்த பெண்கள். கொஞ்சம் தள்ளி, புளியமரத்தடியில் ஜோதி.

"சொன்ன மாதிரி வந்துட்டோம் தம்பி," என்றார்.

'செத்த நேரம் பொறுங்க மாமா, சூடு ஆறட்டும்.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. தொண்டை வரைக்கும் வந்த வாக்கியம், புளியமரத்தடியை ஒரு பார்வை பார்த்துவிட்டு வயிற்றுக்கே திரும்பிப் போனது. பெண் இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்கிற நேரத்தில் பெண்ணின் அப்பாவிடம் முடியாது என்று சொல்லுகிற தைரியம் எந்தக் கடையில் விற்கிறது?

ரோலர் ஓட்டும் அந்தோணி என்னைப் பார்த்தான். அவனுக்கும் பாய் சொன்னது தெரியும். ஆனால் அவன் கண் கொடியின் மேல் இருந்தது.

"எனக்கு ரசத்துக்கு ரெண்டு படி குடுத்துரணும் சார். ஓட்டிரட்டா?"

தலையாட்டினேன். கொடியைப் பரப்பினார்கள். ரோலர் நகர்ந்தது.

கொள்ளுக்கொடி மேல் வண்டி ஏறினால் சடசடவென்று ஒரு சத்தம் வரும். காய் வெடித்து, மணி தெறித்து, ரோடே சிரிக்கிற சத்தம். அதற்காக ஊரே காதைத் தீட்டி நின்றது. வந்ததோ 'சப்' என்று ஒரு சத்தம். வாய் நிறைய மைசூர்பாகு வைத்துக்கொண்டு பேச முயல்கிறவனின் சத்தம். அடுத்து ஒரு வாசனை, கொள்ளு வறுபடுகிற வாசனை. பின்னோடு ரோலரின் முன்னுருளை ஒரு சுற்றுச் சுற்றி மேலே வந்தது. பாதிக் கொடி அதில் ஒட்டிக்கொண்டு, பிடரி வளர்த்த சிங்கம் போல இருந்தது. அந்தோணி பதறிப் பின்னால் எடுத்தான். மீதி இருந்ததும் உள்ளே போனது.

வெள்ளைச்சாமி குனிந்து கையால் தடவிப் பார்த்தார். சூடு பட்டுக் கையை உதறினார்.

"எங்க தம்பி கொள்ளு?"

"இருக்கு மாமா."

"எங்க இருக்கு?"

"உள்ள."

ஊர் மொத்தமும் குனிந்தது. ஒருவர் அரிவாள் முனையால் நோண்டினார், ஒருவர் குச்சியால் கிளறினார், விளக்குமாறுகள் ரோட்டில் ஒட்டிக்கொண்டு தனியாக நின்றன. சடையாண்டித் தாத்தா ஒரு கட்டியைப் பெயர்த்தெடுத்து வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தார்.

"ஏலே, பையன் சொன்னது நெசந்தாண்டா. ஒண்ணுகூட ஒடயல."

வெள்ளைச்சாமிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வருடம் மழை ஏமாற்றியதில் மிஞ்சிய கொள்ளில் பாதி அது. அவர் முகத்தைப் பார்த்தேன். நாதஸ்வரக்காரர்கள் கருவியை உறையில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வாழைமரத்தை யாரோ பிடுங்கினார்கள். பாயசம் திரிந்தது.

அப்போதுதான் கார் சத்தம். சாயங்காலம் வர வேண்டிய இஞ்சினியரம்மா மத்தியானமே வந்துவிட்டார், கூடவே காதர் பாயும். அம்மா இறங்கினார், ரோட்டைப் பார்த்தார், குந்தி உட்கார்ந்தார்.

"என்ன இது?"

"ஜல்லி மேடம்," என்றேன்.

அவர் பேனா முனையால் ஒன்றை நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்தார். "ஜல்லிக்குத் தோல் உரியுது."

காதர் பாய் என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ரொம்பப் பணிவான குரலில், "தம்பி, தாருல ரப்பர் போடச் சொன்னேன். தொட்டுக்க வெஞ்சனம் போடச் சொல்லலியே," என்றார்.

"யார் இதைப் பரப்பச் சொன்னது?" என்று அம்மா எழுந்து நின்று கேட்டார்.

நான் ஆகாயத்தைப் பார்த்தேன். அதுவும் எனக்கு ஒன்றும் தெரியாது என்ற மாதிரி வெளுத்துக் கிடந்தது. அந்தோணி ரோலருக்குக் கீழே எதையோ தேடினான். வெள்ளைச்சாமி தோளில் கிடந்த துண்டை உதறி எடுத்தார். பாதி விளைச்சலைப் பறிகொடுத்த மனிதர், எதற்கு என்னைக் காப்பாற்ற வேண்டும்? கையை நேராக என் மூக்குக்கு நீட்டினார்.

"நான் என்னத்தம்மா கண்டேன்? எங்க மருமகன்தான் போடச் சொன்னாரு."

தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே பிறகுதான் காதில் விழுந்திருக்க வேண்டும். கை நீட்டியபடியே இருந்தது, வாய் மட்டும் மெல்ல மூடியது.

"மருமகனா?" என்றார் சடையாண்டித் தாத்தா. "எப்படா முடிவாச்சு வெள்ளச்சாமி? பங்காளிக்கு ஒரு வார்த்த சொல்லல?"

"இல்ல பெரியப்பா, அது வந்து..." என்று இழுத்தார் வெள்ளைச்சாமி.

'வந்து' வருவதற்குள் நாலு டயர் வைத்திருந்த அக்கா விளக்குமாற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குலவை போட்டுவிட்டார். ஒருத்தி போட்டால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ரோடே குலவையில் அதிர்ந்தது. சொன்ன சொல்லை வேண்டுமானால் விழுங்கலாம். ஊர்ப் பெண்கள் சேர்ந்து போட்ட குலவையை, அதுவும் அரசாங்க அதிகாரி முன்னால் போட்டதை, எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? வெள்ளைச்சாமி துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான், அதுதான் எனக்கு நடந்த நிச்சயதார்த்தம்.

இஞ்சினியரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். (இருமல்தான் என்று காதர் பாய் சாதிக்கிறார்.) அந்த ரோட்டுத் துண்டை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடச் சொன்னார். காதர் பாய் என் தோளில் கை வைத்தார்.

"நாளையிலருந்து வேலைக்கு வர வேணாம் தம்பி. பத்திரிகை மட்டும் மறக்காம வச்சுரு."

வைத்தேன். வந்தார். பிரியாணி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார், ரோலரைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு. புதிதாகப் போட்ட ரோடு இத்தனை வெயிலுக்கும் வாய் பிளக்காமல் கிடக்கிறது. அதில் டயருக்குப் பங்கு உண்டு, எனக்கு இல்லை. சுரண்டி எடுத்த கட்டிகளைக் கொண்டுபோய் மாமனார் வீட்டுச் சந்துக் குழியில் கொட்டினார்கள். வேகாமல் தப்பிய சில மணிகள் அடுத்த மழைக்கு அதில் தலை நீட்டின. மாமனார் சொந்தக்காரர்களைக் கூட்டிவந்து காட்டினார்: "நம்ம மாப்ள மகசூல்." இன்றும் நான் அந்த வீட்டில் வாயைத் திறந்து மோட்டார் வாங்கலாம், விதை மாற்றலாம் என்று எதையாவது சொன்னால், கடைசிக் குழந்தை வரைக்கும் ஒரே குரலில் கேட்கிறார்கள்: "ஒட்டாதுல்ல?"

ஆனால் அன்றைக்கு இந்தச் சிரிப்பெல்லாம் எங்கே இருந்தது? வேலை போனவன், தார் படிந்த செருப்போடு திண்டுக்கல் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஜோதி வந்தாள். அவளுடன் நான் தனியாகப் பேசப்போகிற முதல் பேச்சு. என்ன சொல்வதென்று தெரியாமல், "உங்க அப்பா கோவத்துல சொல்லிட்டாரு. வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்," என்றேன். பஸ் வந்து நின்றது. நான் ஏறி, படியில் நின்று திரும்பினேன்.

"எங்க அப்பா சொல்றதுக்கெல்லாம் தலையாட்ட வீட்டுல நாங்க போதும்," என்றாள். "நீங்க இல்லேன்னு சொல்லப் பழகிட்டு வாங்க."