உறுமாத பேஸும் ஒரு கிலோ நெத்திலியும்

இனி இந்த வீட்டில் நெத்திலிக்குத் தலை கிள்ளுவதில்லை என்று உலகப்பன் ஒரு வெள்ளிக்கிழமை மாலை முடிவெடுத்தார். மனைவி நாச்சியம்மையிடம் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய முடிவையெல்லாம் வாய்விட்டுச் சொன்னால் நிலைக்காது.

மலேசியாவின் கூலாயில் அவர்கள் வீட்டு நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, அந்தத் தாமான் குடியிருப்பு முழுக்கப் பேர்போனது. சனிக்கிழமை காலை நாச்சியம்மை பொட்டலம் கட்டினால் பத்து மணிக்குள் தீர்ந்துவிடும். நாசி லெமாக்குக்குக் காரச் சம்பல் வேண்டும். சம்பலுக்கு நெத்திலி வேண்டும். நெத்திலிக்குத் தலை கிள்ள ஆள் வேண்டும். செனாய் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையிலேயே காலம் கழித்து ஓய்வு பெற்றவரை விட நல்ல ஆள் எங்கே கிடைப்பார்? ஒவ்வொரு நெத்திலியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கிள்ளுவார். அதனாலேயே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பொழுது சாய்ந்துவிடும்.

தப்பிக்க அவருக்கு இருந்த ஒரே இடம் பின்னறை. அங்கேதான் அவருடைய பேஸ் கித்தார் இருந்தது. கல்யாணமான மறுவருஷம் சிங்கப்பூரில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கியது. மாசாயிலிருந்து தங்காக் வரை அது போகாத கல்யாண மண்டபம் இல்லை. இசைக்குழு கலைந்து வெகுகாலம் ஆகிவிட்டது. பாடினவர் தாத்தாவாகிவிட்டார். டிரம்ஸ் அடித்தவருக்கு முட்டி போய்விட்டது. கித்தாருக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

உண்மையைச் சொன்னால், அந்த அறையில் அவர் வாசிப்பது கொஞ்சம்தான். கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு அந்த மண்டபங்களை நினைத்துக்கொண்டிருப்பதுதான் அதிகம். மாலை நேரத்தில் மல்லிகையும் பிரியாணியும் கலந்த மணம், மேடை ஓரத்தில் சாய்த்து வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள், அடுத்த பாட்டு என்னவென்று துண்டுச் சீட்டு நீட்டுகிற மாப்பிள்ளைத் தோழன். நினைவு சரியாக அந்த இடத்துக்கு வரும்போது சமையலறையிலிருந்து குரலும் வரும்.

"என்னங்க, சும்மாதானே இருக்கீங்க? வாங்க."

கதவு சாத்தியிருக்கிறது. இவளுக்கு எப்படித் தெரிகிறது? பல நாள் யோசித்த பிறகுதான் பிடிபட்டது. காட்டிக்கொடுப்பது கித்தார். கம்பிக்கு அடியில் இருந்து அதன் அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப் பழைய காலத்தது. கம்பியில் கை இருக்கும்வரை அடங்கிக் கிடக்கும். கையை எடுத்தால் ஸ்பீக்கர் 'ம்ம்ம்' என்று உறுமும். உறுமினால் ஆள் சும்மா இருக்கிறார் என்று அர்த்தம். ஸ்பீக்கரை அணைக்கலாம் என்றால் அது 'டொப்' என்று ஊருக்கே சொல்லிவிட்டுத்தான் அணையும்.

ஆகவே உறுமாத பிக்கப் வாங்குவது என்று முடிவாயிற்று.

ஜொகூர் பாருவில் சயீத் என்பவரின் கடை. நாச்சியம்மையும் கூட வந்தாள். கேட்காமலே வந்தாள்.

"இது பேட்டரி போடுறது, அங்கிள். ரொம்ப சுத்தமா இருக்கும்," என்றார் சயீத்.

"பேட்டரி வேணாம் தம்பி. பாதிப் பாட்டுல செத்துரும்."

"பாதிப் பாட்டுல இவரே தூங்கிருவாரு," என்றாள் நாச்சியம்மை.

"சரி, இது? ரெண்டு கம்பிச் சுருள் பக்கத்துப் பக்கத்துல. கொஞ்சம் அகலம். மரத்தக் குடையணும்."

உலகப்பன் கித்தாரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"சரிலா, குடைய வேணாம். இதப் பாருங்க. ஒரு சுருள் மேல இன்னொரு சுருள். எதிரெதிரா வேல செய்யும். ஒன்னு கொண்டு வர்ற இரைச்சல இன்னொன்னு அடிச்சிரும்."

"எங்க வீடு மாதிரி," என்றாள் நாச்சியம்மை. "தம்பி, இத மாட்டினா இவர் வாசிக்கிற சத்தமும் போயிருமா?"

"இல்ல ஆச்சி. இரைச்சல் மட்டும்தான் போகும்."

"ஓ. பாதிதானா."

கித்தாரின் பழைய குரல் மாறிவிடக் கூடாது என்பது உலகப்பனின் கவலை. கடையில் அதே பிக்கப் மாட்டிய கித்தாரைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். திரும்ப வாசிக்கச் சொன்னார். இன்னொரு தடவை என்றார். சயீத் இடையில் போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தார்.

"ஆசப்பட்டுட்டீங்க, வாங்கிக்குங்க," என்றாள் நாச்சியம்மை. இவ்வளவு சுலபமாக அவள் சம்மதித்ததும் அவர் விலைச் சீட்டை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார்.

ஈயம் உருக்கி, தானே மாட்டினார். ஸ்பீக்கரைப் போட்டார். கையை எடுத்தார். ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி.

அந்த வெள்ளிக்கிழமை யாரும் கூப்பிடவில்லை. அடுத்த வெள்ளியும் இல்லை. நினைவில் மண்டபம் மண்டபமாக நிம்மதியாகச் சுற்றி வந்தார்.

மூன்றாம் வெள்ளிக்கிழமை நாச்சியம்மை காப்பியோடு உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"வீடே என்னமோ மாதிரி இருக்குங்க."

"ஏன்?"

"அந்த ம்ம்ம் சத்தம் இல்லல்ல. தங்காக்ல எங்க சித்தப்பா மக கல்யாணம். நீங்க பச்ச சட்ட. பாட்டு முடிஞ்சதும் மேடையிலேருந்து அந்தச் சத்தம் வரும். கை கம்பிய விட்டுருச்சுன்னு அர்த்தம். நிமிந்து பாத்தா நீங்க என்னையே பாத்துக்கிட்டு இருப்பீங்க." காப்பியை அவர் பக்கம் நகர்த்தினாள். "அது கேட்டாத்தான் நீங்க உள்ள இருக்கற மாதிரி இருக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். எழுந்து போய்விட்டாள்.

உலகப்பன் காப்பியை ஸ்பீக்கர் மேல் வைத்தார். பச்சைச் சட்டை அவருக்கும் நினைவிருந்தது. காலர் பெரியது. இவளும் மறக்கவில்லையே. இத்தனை வருஷமாகத் தன் கித்தார் உறுமுவதைக் குறை என்று நினைத்திருந்தார். அவளுக்கு அது அழைப்பாக இருந்திருக்கிறது.

உடனே திருகாணிகளைக் கழற்றினார். பஞ்சில் சுற்றி வைத்திருந்த பழைய பிக்கப்பை எடுத்து, ஈயம் உருக்கி, இருந்த இடத்திலேயே வைத்தார். ஸ்பீக்கரைப் போட்டார். கம்பியிலிருந்து மெல்லக் கையை எடுத்தார்.

'ம்ம்ம்.'

அவளுக்குக் கேட்கட்டும் என்று அப்படியே விட்டுவிட்டு, பச்சைச் சட்டைக்காரனைப் போலக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, கைய எடுத்துட்டீங்கள்ல? வாங்க. ரெண்டு வாரமா நான் ஒத்தையாளா கிள்ளுறேன்."

போனார். உட்கார்ந்தார். முன்னால் ஒரு கிலோ நெத்திலி. முதல் நெத்திலியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த கை அப்படியே நின்றது.

"நாச்சி, அந்தக் கித்தார் வாங்கினதே நம்ம கல்யாணத்துக்கு அப்புறம்தானே?"

"ஆமா."

"அதுக்கு முன்னாடி, தங்காக்ல, நான் மேடையில மராக்காஸ் கிலுகிலுப்பைதானே ஆட்டிக்கிட்டு இருந்தேன்?"

"ஆமா, பச்ச சட்ட போட்டுக்கிட்டு."

"அப்ப அந்தச் சத்தம்?"

நாச்சியம்மை தட்டை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினாள்.

"அது பக்கத்துல நின்னவரோட கித்தார்ங்க. தலையோட குடலையும் எடுத்துருங்க."