தடவிக் கொடுத்த குருணை

காலை பத்து மணிக்கே வளர்ப்பு மீன் கடை வாசலில் முண்டியடித்துக்கொண்டு கூட்டம். ஆளுக்கொரு ஈரப்பை. பைக்குள் துருநிறக் குருணை. மீன்தொட்டித் தண்ணீரிலுள்ள பாஸ்பேட்டை உறிஞ்சுகிற வடிகட்டிச் சரக்கு. உறிஞ்சி உறிஞ்சிச் சில வாரத்தில் அதுவே நிரம்பிவிடும். அப்புறம் பாசிதான், புதுசு போட வேண்டியதுதான். ஆனால் உள்ளே வீற்றிருந்த 'உயிர்க்கை' ஐயா, பழசைத் தடவிக் கொடுத்தே புதுசாக்கிவிடுவாராம்! குருணைக்குக் களைப்பு வரும் என்று கண்டுபிடித்த மகானும் அவரே.

வரிசையில் முடிவெட்டுபவரும் நின்றார். அவர் கடைத் தொட்டியில் ஆறு மீன் போய் ஒன்றுதான் பாக்கி. வெளியூர் வேலைக்குப் போன மகள் ஒப்படைத்த ஆரஞ்சு மீன். போன் செய்தால் மகள் முதலில் விசாரிப்பது அதைத்தான், அப்பாவெல்லாம் அப்புறம். அதுவும் போய்விட்டால் என்ன பதில் சொல்வது என்று மனுஷன் வெலவெலத்துப் போயிருந்தார்.

ஐயா அவர் குருணையில் ஒரு பிடி எடுத்து, கண்ணை மூடித் தடவிக் கொடுத்தார். "எழுந்துட்டான்! தொட்டியில பாதித் தண்ணிய மாத்திட்டு இதைப் போடுங்க."

"எதுக்குப் பாதித் தண்ணிய மாத்தணும்?" என்றாள் கூட வந்த தங்கை. தையல்காரி, அளந்து பார்க்காமல் கத்தரியைத் தொடாதவள்.

"இடம் சுத்தமா இருக்கணும்மா."

"அப்ப சுத்தம் பண்றது தண்ணியா, உங்க கையா?"

"சும்மா இரு, மானத்த வாங்காத" என்று நெளிந்தார் அண்ணன்.

"நான் சும்மா இருந்தா மீனு செத்துரும்ணா!"

தொட்டித் தண்ணீரைப் புட்டியில் கொண்டுவந்திருந்தாள். இரண்டு டம்ளரில் ஊற்றினாள். ஒன்றில் ஐயா தடவிய குருணை, மற்றதில் பையில் மிச்சமிருந்த தடவாதது. மூன்றாவதில் பாதித் தொட்டித் தண்ணீர், பாதிக் குழாய்த் தண்ணீர், குருணையே கிடையாது. ஒரு மணி நேரம் கழித்து, கடையிலேயே விற்கும் சோதனைச் சொட்டை விட்டாள். நீலம் அடர்ந்தால் பாஸ்பேட் அதிகம். முதல் இரண்டும் ஒரே மைநீலம். மூன்றாவது மட்டும் வெளுத்திருந்தது.

"நம்பிக்கை இல்லாம ஊத்தினா இப்படித்தான்" என்றார் ஐயா.

"எனக்கு இல்ல, சரி. மூணாவது டம்ளருக்கு யார் மேல நம்பிக்கை?"

ஐயாவுக்கு அவசரமாகக் கழிப்பறை வந்தது. பின்வாசல் வழியாகப் போனவர் திரும்பவில்லை.

முடிவெட்டுபவர் பழைய குருணையைக் குப்பையில் கொட்டிவிட்டுப் புதுப் பொட்டலத்தோடு ஓடினார். அடுத்த வாரம் மகள் கேட்டபோது, "நல்லா இருக்கான்மா" என்று சொல்லி போனைத் தொட்டிப் பக்கம் திருப்பினார்.

மீனுக்குத் தலை சின்னது, போட்டதை நம்பி விழுங்கும். இவ்வளவு பெரிய தலையை நாம் முடிவெட்டிக்கொள்ள மட்டுமா வைத்திருக்கிறோம்?