சர்வதேசப் பலகை

பலகையைக் கழற்ற ஏணி வைத்த அன்றுதான் கடிதம் வந்தது.

ஏணியின் மேலே குமாரசிங்கம் நின்றார். கீழே ஏணியைப் பிடித்தபடி கட்டடத்துக் காவலாளி ரெங்கசாமி நின்றார். பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே, லத்தீப்பின் பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில், எட்டடி நீளத்தில் அந்தப் பலகை தொங்கியது: ‘ஊவா சர்வதேசத் தானியக் கொள்வனவு மற்றும் இடர் முகாமைத்துவப் பயிற்சி நிலையம்.’ பெயரோ பலகையை விட நீளம். அதனால் கடைசியில் வரும் ‘யம்’ மட்டும் சுவரில் எழுதப்பட்டிருந்தது. பலகையைக் கழற்றினாலும் ‘யம்’ அங்கேயேதான் இருக்கும்.

குமாரசிங்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் பொருள் வாங்கும் கொள்வனவுப் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் அரிசியும் மாவும் அவருடைய கையெழுத்தில்லாமல் மலையேறியதில்லை. 1994இல் கொழும்பில் நடந்த நான்கு நாள் பயிலரங்கில் ஒன்பது நாட்டுக் கொள்வனவாளர்களோடு உட்கார்ந்து ‘ரிஸ்க் மனேஜ்மென்ட்’ என்னும் இடர் முகாமைத்துவம் கேட்டவர். சர்வதேசம் அவரைத் தொற்றியது அங்கேதான். அந்தக் குழுப்படம் மாடிச் சுவரில் இருக்கிறது. மூன்றாவது வரிசையில், ஒரு கென்யாக்காரரின் தோளுக்குப் பின்னால் தெரியும் காது குமாரசிங்கத்துடையது.

நிலையம் திறந்து எட்டு மாதம். இதுவரை படியேறி வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கட்டார் விசா இங்கேயா எடுப்பது என்று கேட்டார். மற்றவருக்குப் பல்வலி. ஐந்தாம் மாதத்திலிருந்து குமாரசிங்கம் முகம் மழிப்பதை விட்டார். ஏழாம் மாதத்தில் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பத் தொடங்கினார். பிறகு ஒருநாள் மனைவி கமலாம்பிகையிடம், பலகையைக் கழற்றப்போவதாகச் சொன்னார். அதோடு தானும் கழன்றுவிட்டதைப் போல நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"இன்னும் ஒரு கிழமை பொறுங்கோவன்" என்று மட்டும் கமலாம்பிகை கேட்டாள்.

அந்த ஏழு நாள் முடிந்த காலையில்தான் ஏணி. கடிதத்தைக் கொண்டுவந்தவளும் அவள்தான். தபால்காரன் கீழே கடையில் கொடுத்துவிட்டுப் போனானாம்.

மாலைதீவிலிருந்து இப்றாஹீம் என்பவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். தமது தீவுகளில் ஒரு மணி நெல்லும் விளைவதில்லை, சாப்பிடுவதெல்லாம் கப்பலில் வருவது. ஆகவே, தானியம் வாங்கக் கற்றுக்கொள்ள மாண்புமிகு பணிப்பாளரிடம் பத்து நாள் வர விரும்புகிறார். மற்ற நாட்டு மாணவர்களோடு சேர்ந்து படிப்பதைப் பெரும் பேறாகக் கருதுவார்.

குமாரசிங்கம் ஏணியில் நின்றபடியே மூன்று தரம் வாசித்தார். முதல் தரம் நெஞ்சு நிமிர்ந்தது. இரண்டாம் தரம் கண் கலங்கியது. மூன்றாம் தரம் ‘மற்ற நாட்டு மாணவர்’ என்ற இடத்தில் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டார். பல நாட்டவர் பயிலும் நிலையம் என்று விளம்பரத் துண்டில் அச்சடித்தவர் அவரேதான். கீழே பார்த்தார். ரெங்கசாமியின் வழுக்கைத் தலை தெரிந்தது.

"ரெங்கசாமி, நீர் மலேசியா."

"எங்க வேணும்னாலும் போறேங்கய்யா. ஏணியை யாரு புடிக்கிறது?"

ஒரு நாடு போதாது. பஸ் நிலையத்தில் அவித்த சோளம் விற்கும் விஜயலெட்சுமியைப் பத்து நாளைக்கு மொரீசியஸ் ஆக்கினார். அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

"மொரீசியஸ் எந்தப் பக்கமுங்க?"

"அது உமக்குத் தேவையில்லை."

"வந்தவரு கேட்டுட்டாருன்னா?"

"மொரீசியஸ்காரருக்கும் பதுளை எந்தப் பக்கம் எண்டு தெரியாது. சரிக்குச் சரி."

இரண்டு நாடுகளுக்கும் இரண்டே ஆங்கிலச் சொற்கள் கற்பிக்கப்பட்டன: யெஸ், ரிஸ்க். மற்ற நேரத்தில் வாய் திறக்கக்கூடாது என்பது ஒப்பந்தம்.

இப்றாஹீம் வந்தார். முப்பது வயதிருக்கும். பூப்போட்ட சட்டை, தலையில் தொப்பி. தங்குவதற்கு லத்தீப் தன் கடையின் பின்னறையைக் கேளாமலே ஒழித்துக் கொடுத்திருந்தார். வந்தவர், சொந்த நாட்டு மாசிக் கருவாடு என்று ஒரு பொதியை நீட்டினார். அது தமிழ்ப் பத்திரிகைத் தாளில் சுற்றியிருந்தது.

"பாத்தீரே, எங்கடை பத்திரிகை மாலைதீவு வரைக்கும் போகுது" என்று குமாரசிங்கம் மனைவியிடம் பெருமைப்பட்டார். கமலாம்பிகை பொதியை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

வகுப்பு தொடங்கியது. மலேசியா அதிகம் வாங்குவது அரிசியா கோதுமையா என்று இப்றாஹீம் மரியாதையோடு கேட்டார். ரெங்கசாமி எழுந்து நின்று, "யெஸ்" என்றார். விலை விழுந்தால் என்ன செய்வீர்கள் என்றதற்கு, "ரிஸ்க்" என்று சொல்லிவிட்டு அமர்ந்தார். அளந்து பேசுவது மலேசியர்களின் பண்பு என்று குமாரசிங்கம் விளக்கினார். இப்றாஹீம் அதையும் குறித்துக்கொண்டார்.

பிறகு, விலை ஏறினாலும் இறங்கினாலும் அடி விழாதபடி வாங்குபவர் முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் பாதுகாப்பைப் பற்றி விரிவுரை. ஆங்கிலத்தில் அதற்கு ‘ஹெட்ஜ்’, அதாவது வேலி, என்று பெயர் என்பதால் ஒரு வேலியின் படத்தைக் கரும்பலகையில் வரைந்தார். விஜயலெட்சுமி ரெங்கசாமியின் காதில், "வேலி சரிதான், நம்மகிட்ட மாடு எங்க இருக்கு?" என்று கிசுகிசுத்தாள். இப்றாஹீம் குபீரென்று சிரித்தார். பிறகு நெடுநேரம் இருமினார். எங்கள் நகைச்சுவைக்கு மொழிகூடத் தேவையில்லை என்று குமாரசிங்கம் நினைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் இப்றாஹீம் செய்முறைப் பயிற்சி கேட்டார். பதுளைக்குள் போனால் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஆகவே தூரமாக, லுணுகலைக்குப் போவது பாதுகாப்பு என்று குமாரசிங்கம் கணக்குப் போட்டார். இடர் முகாமைத்துவம் அல்லவா.

லுணுகலை பஸ்ஸில் ஏறியதுமே கொண்டக்டர், "என்னா சோளக்கா, இன்னிக்கு யாவாரம் இல்லையா?" என்று மொரீசியஸைக் கேட்டான். சோளக்கா என்பது மொரீசியஸுக்கு இங்குள்ள பெயர் என்று குமாரசிங்கம் ஆங்கிலத்தில் சமாளித்தார். லுணுகலையில் இறங்கியதும் கொழுந்து பறித்துவிட்டு வந்த நாலு பெண்கள் மலேசியாவைச் சூழ்ந்துகொண்டு, "மாமா, மகளுக்குப் புள்ள பொறந்திருச்சாமே" என்று விசாரித்தார்கள். மலேசியர்களை இப்பகுதியில் மாமா என்பார்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லும்போதே அவருக்கு வியர்த்தது.

தானியக் கடையில் சோள மூடைகள் அடுக்கியிருந்தன. மூடையின் மேலே, நடுவே, அடியிலே என்று மூன்று இடத்தில் மாதிரி எடுக்க வேண்டும் என்று குமாரசிங்கம் நாலடி தள்ளி நின்று விளக்கினார். இப்றாஹீம், எடுத்துக் காட்டும்படி பணிவாகக் கேட்டார்.

குமாரசிங்கம் மூடைக்குள் கையை விட்டார். கை நிறையச் சோளம் வந்தது. அதில் எதைப் பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. முப்பத்தொரு வருடமும் மூடைகள் அவரிடம் தாளாகவே வந்திருந்தன. நல்ல மஞ்சள், முதல்தரம் என்று ஆங்கிலத்தில் அறிவித்தார்.

விஜயலெட்சுமியால் பொறுக்க முடியவில்லை. அவருடைய உள்ளங்கையிலிருந்து ஒரு மணியை எடுத்துக் கடித்தாள்.

"வாங்காதீங்கய்யா. இது மழை குடிச்ச சோளம். கடிச்சா சத்தமே இல்ல, பாருங்க. ரெண்டு நாள்ல பூஞ்சணம் புடிச்சிரும்."

கடைக்காரர் பாய்ந்து வந்தார். சோளம் விற்கிறவளுக்கு என்ன தெரியும் என்றார். ரெங்கசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. கடைக்காரரின் தராசைப் பற்றியும் அவருடைய அப்பாவின் தராசைப் பற்றியும் சுத்தமான தோட்டத்துத் தமிழில் கால்மணி நேரம் பேசினார். மலேசியா அத்தோடு முடிந்தது.

திரும்பும் பஸ்ஸில், பாதி வழியில் குமாரசிங்கம் இப்றாஹீமின் பக்கம் திரும்பி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். மலேசியா இல்லை, மொரீசியஸ் இல்லை. நாளைக்கே பலகையைக் கழற்றிவிடுவதாகவும், கடல் கடந்து நம்பி வந்தவரை ஏமாற்றியது பெரும் பிழை என்றும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசியில் தன்னையறியாமல் தமிழுக்கு மாறிவிட்டார்.

"தம்பி, நான் வாழ்க்கையிலை ஒரு மூடைக்குள்ளையும் கை வைச்சதில்லை. வெளியாலை நிண்டு கையெழுத்துத்தான் வைச்சனான்."

இப்றாஹீம் சட்டென்று யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். தோள் குலுங்கியது. நல்ல இளகிய மனசுள்ள சனங்கள் மாலைதீவுக்காரர் என்று குமாரசிங்கத்துக்குத் தோன்றியது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு இப்றாஹீம் ஆங்கிலத்தில், இன்னும் ஏழு நாள் இருக்கிறது, பாடத்தை முடித்துவிடுங்கள் சேர் என்றார். இன்று அந்தக் கை மூடைக்குள் போனதைத் தன் கண்ணால் பார்த்ததாகவும் சொன்னார்.

அந்த ஏழு நாளும் அந்த மாடியில் மெய்யாகவே படிப்பு நடந்தது. மணியைக் கடித்துச் சத்தம் கேட்பது எப்படி என்று விஜயலெட்சுமி காட்டினாள். மலைப்பாதை லொறியில் எந்த மூடை முதலில் நனையும் என்று ரெங்கசாமி சொன்னார். நனைந்ததைத் திருப்பி அனுப்பும் உரிமை வாங்குபவருக்கு இருக்கும்படி ஒப்பந்தத்தில் எந்த வரியை எழுத வேண்டும் என்று குமாரசிங்கம் கற்பித்தார். அது அவருக்கு நன்றாகத் தெரியும். தனக்கும் ஏதோ தெரியும் என்பது அவருக்கே புதினமாக இருந்தது. காலையில் முகம் மழித்தார். இரவில் மாசிச் சம்பலுக்கு இரண்டாம் தரம் சோறு கேட்டார். கமலாம்பிகை போட்டுவிட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எழும்பாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தாம் நாள் மூன்று சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. விஜயலெட்சுமியுடையதில் ‘நாடு’ என்ற இடத்தில் பதுளை என்று இருந்தது. அவள் அதைச் சோள வண்டியில் மாட்டினாள். இப்றாஹீம் குனிந்து குமாரசிங்கத்தின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

அடுத்த கிழமை குமாரசிங்கத்துக்கு ஒரு யோசனை வந்தது. சுவரில் கிடக்கும் ‘யம்’மையும் சேர்த்துப் பத்தடியில் புதுப்பலகை எழுதினால் என்ன? லத்தீப்பிடம் இடம் கேட்கத் துள்ளிக்கொண்டு படியிறங்கினார். பாதிப் படியில், வெங்காய மூடைகளுக்கு மேலால், கமலாம்பிகை மா வாங்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது. லத்தீப் தராசின் மேல் குனிந்து, குரலைத் தாழ்த்தி அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்:

"சேர் இப்ப ஒழுங்காச் சாப்பிடுறார்தானே அக்கா? என் தம்பி இப்றாஹீம் லீவு முடிஞ்சி மாலைதீவு ஹோட்டல் வேலைக்குத் திரும்பிப் போய்ட்டான். அடுத்த மாசம் மச்சான் டுபாயிலருந்து லீவுல வாரான், அவனும் தமிழ் தெரியாத மாதிரி இருக்கணும்னா நான் இப்பவே சொல்லி வெக்கணும்."