திருத்திய பிழைகள்: பூச்சியம்

வாருங்கள் வாசகரே, வந்து இந்த அநியாயத்தைக் கண்ணாரக் காணுங்கள்! ஒரு பள்ளிக்கூடத்தின் அலுவலக அறையில், காலை ஒன்பது மணிக்கு, ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் தரையில் மண்டியிட்டிருக்கிறார். ஒரு நாயின் முன்னங்காலைப் பிடித்து மைப்பெட்டியில் அழுத்திக்கொண்டிருக்கிறார். அந்த நாய் செய்த குற்றம் என்ன? திருடியதா? கடித்ததா? இல்லை. குழந்தைகள் படித்ததைக் கேட்டது. கேட்டுவிட்டுச் சும்மா இருந்தது. கற்றறிந்த பெரியோர் எவரும் இதுவரை செய்யத் துணியாத காரியம் அது!

“இன்னும் கொஞ்சம் அழுத்துங்க. நகம் மட்டும்தான் விழுந்திருக்கு,” என்றார் தலைமையாசிரியை, வருகைப் பதிவேட்டைக் குனிந்து பார்த்தபடி.

“மேடம், இது கூச்சப்படுது. கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கிறீங்களா?”

“கையெழுத்து போடுறதுக்கு என்னங்க கூச்சம்?”

“நீங்க முதல் தடவை போட்டப்ப உங்களுக்கு இல்லையா?”

தலைமையாசிரியை திரும்பிக்கொண்டார். பதிவேட்டில் ஐந்து கருஞ்சுழிகள் விழுந்தன. நாயின் பெயர் தடியன். உருவத்துக்கேற்ற பெயர். நோயாளிகள் பக்கத்திலும் குழந்தைகள் பக்கத்திலும் அமைதியாக உட்காரப் பழக்கப்பட்டது; அதற்கென்று சான்றிதழும் பெற்றது.

தபால்காரர் முப்பது ஆண்டுகள் வீடு வீடாகக் கடிதம் கொடுத்தவர். அந்தப் பணிக்காலத்தில் ஏழு முறை நாய்க்கடி பட்டவர். ஓய்வு பெற்றதும் வேறொருவராயிருந்தால் கல்லை எடுத்திருப்பார். இவரோ, தம்மிடம் நாய்களுக்கு அப்படி என்ன பகை என்று தெரிந்துகொள்ளவே ஒரு நாய்க்குட்டியை எடுத்து வளர்த்தார். பகை ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும், அந்த மகிழ்ச்சியில், வாரத்தில் மூன்று நாள் சம்பளமில்லாத தொண்டராகப் பள்ளிக்கு வரத் தொடங்கினார். நூலக அறையின் மூலையில் ஒரு பாய். பாயில் தடியன். வாசிப்பில் பின்தங்கியவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட ஆறு குழந்தைகள், ஆளுக்குப் பத்து நிமிடம், அதன் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார்கள். அவ்வளவுதான் திட்டம்.

அந்த அறுவரில் ஒருத்திக்குக் குருவி என்று பட்டப்பெயர். இரண்டாம் வகுப்பு. வகுப்பில் அவள் வாயைத் திறந்தால் போதும், வகுப்பாசிரியரின் சுட்டுவிரல் மேலே எழும். “தப்பு!” என்பார். மறுபடி திறந்தால் மறுபடி எழும். ஆகவே அவள் திறப்பதை நிறுத்தினாள். தடியனிடம் வந்த பிறகு, நான்கே மாதத்தில், நான்காம் பாடம் வரை வந்திருந்தாள்.

மைப்பெட்டிக்கு முந்தின நாள் அவள் படிக்கவில்லை.

“தாத்தா, ரெண்டு வாரம் கழிச்சு அதிகாரி வர்றாராம். அவர் முன்னாடி ஒரு பக்கம் சத்தமா படிக்கலைன்னா என்னை ஒண்ணாம் வகுப்புல போட்டுடுவாங்களாம்.”

“படிச்சிடுவே, கண்ணு. பத்து பக்கம் படிச்சவளுக்கு ஒரு பக்கம் என்ன?”

“ஒண்ணாம் வகுப்புல என் தம்பி இருக்கான். அவன் பக்கத்துல உட்கார வெச்சா, அப்புறம் அவன் என்னை அக்கான்னே கூப்பிட மாட்டான்.”

ஏழு வயதில் ஒருத்திக்கு இருக்கும் ஒரே பதவி அக்கா என்பதுதான். அதையும் பறிக்கவா பள்ளிக்கூடம் கட்டினோம்? தபால்காரர் தடியனைப் பார்த்தார். அந்தப் பாயும் அந்த நாயும் இன்னும் இரண்டு வாரம் அங்கேயே இருந்தால் போதும், குருவி கரையேறிவிடுவாள். எதற்காகவும் அதை விடக்கூடாது என்று உறுதி பூண்டார்.

அந்த உறுதிதான் வினையாயிற்று.

மாணவருடன் அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கும் எவரும் பதிவேட்டில் ஒப்பமிட வேண்டும் என்பது கல்வி அலுவலகத்தின் புதிய சுற்றறிக்கை. அதற்காகத்தான் அந்த மைப்பெட்டி வைபவம். ஆனால் ஒப்பமிட்டவர் ஊழியர் ஆகிறார். ஊழியரானவர் மாதப் பட்டியலில் ஏறுகிறார். “உதவிக் கற்பிப்போர்: ஒன்று (நாய்)” என்று தலைமையாசிரியை நேர்மையாக எழுதி அனுப்பினார். ஊழியரின் கல்வித் தகுதியை மூன்று நாட்களுக்குள் தெரிவிக்குமாறு பதில் வந்தது.

தபால்காரர் சான்றிதழைக் கொண்டுவந்து நீட்டினார்.

“என்னென்ன பாடம் இது?” என்று கேட்டார் தலைமையாசிரியை.

“உட்கார், படு, இரு, வா. நாலு பாடம், மேடம்.”

“நாலுலயும் பாஸா?”

“‘வா’ல மட்டும் கொஞ்சம் மார்க் கம்மி. கூப்பிட்டா யோசிச்சுத்தான் வரும்.”

“அது பரவாயில்லைங்க. எங்க ஸ்டாஃப்ல பாதிப் பேர் அப்படித்தான்.”

தகுதி ஏற்கப்பட்டது. தபால்காரர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார். அந்த மூச்சு அடங்குவதற்குள் மதிப்பீட்டுப் படிவம் வந்தது. தகுதியுள்ள ஊழியரின் பணித்திறனை அளக்க வேண்டாமா? படிவத்தில் இருந்தது ஒரே ஒரு கேள்வி: இந்த வாரம் மாணவர்களிடம் திருத்திய பிழைகள் எத்தனை?

வகுப்பாசிரியர் முந்நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினார். எழுதும்போதே அவர் நெஞ்சு விம்மியது. தடியனின் கட்டத்தில் தலைமையாசிரியை பேனாவை வைத்துக்கொண்டு வெகு நேரம் தயங்கினார்.

“ஒண்ணு கூடவா இல்லை? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“இல்லைங்க மேடம். அது பாட்டுக்குக் கேட்டுக்கிட்டு இருக்கும். சில நேரம் தூங்கும்.”

“தூங்குறதை நான் எழுதலை. பூச்சியத்தை எழுதித்தான் ஆகணும்.”

எழுதினார். இரண்டாம் நாள் தடியனின் பெயருக்கே குறிப்பாணை வந்தது. கடமை தவறியதற்கு உரிய விளக்கம் அளிக்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் பணித்திறனில் முன்னேற்றம் இல்லையேல் நூலக அறையிலிருந்து நீக்கப்படும். தடியன் அந்தக் குறிப்பாணையை ஒரு முறை முகர்ந்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அரசாணைகளைப் பற்றி இந்நாள் வரை வெளிவந்த விமரிசனங்களுள் அதுவே சுருக்கமானது.

தபால்காரர் அன்று மாலையே வீட்டுக் கொல்லைப்புறத்தில் பிஸ்கட் பொட்டலத்துடன் இறங்கினார். சுட்டுவிரலை மேலே உயர்த்துவார். “குரை!” என்பார். தடியன் அவரைப் பரிதாபமாகப் பார்க்கும். அவரே ஒருமுறை குரைத்துக் காட்டுவார்.

அவருடைய மனைவி பின்கட்டு ஜன்னலைத் திறந்தார். “என்னங்க, எந்த நாயும் குரைக்கக் கூடாதுன்னு முப்பது வருஷம் கும்பிட்டுட்டு வேலைக்குப் போன மனுஷன், இப்ப குரை குரைன்னு கெஞ்சிக்கிட்டு நிக்கிறீங்களே!”

“குழந்தை விஷயம்டி. இது குரைச்சாத்தான் இதோட வேலை நிலைக்கும்.”

“நல்லாக் குரைக்கிறீங்க. பேசாம அந்த வேலைக்கு நீங்களே போயிடலாம்.”

மூன்றாம் நாள் தடியன் கற்றுக்கொண்டது. விரல் எழுந்தால் குரைத்தது. விரல் தாழ்ந்தால் பிஸ்கட்டுக்கு வாயைத் திறந்தது. நூலக அறையில் பாயின் எதிரே வகுப்பாசிரியருக்கு ஒரு நாற்காலி போடப்பட்டது. குழந்தை தவறு செய்ததும் அவர் விரலை உயர்த்துவார், நாய் குரைக்கும், தலைமையாசிரியை படிவத்தில் கோடு போடுவார். முதல் நாளிலேயே நாற்பத்தொரு பிழைகள்! பள்ளியே பெருமிதத்தில் திளைத்தது. வகுப்பாசிரியர் தடியனின் தலையைத் தடவி, “நம்ம ஆளு!” என்றார்.

கடைசியாகக் குருவி வந்து உட்கார்ந்தாள். புத்தகத்தைப் பிரித்தாள். இரண்டாவது சொல்லில் கொஞ்சம் தடுமாறினாள். விரல் எழுந்தது. காது கிழியும்படி தடியன் குரைத்தது.

அவள் அழவில்லை. புத்தகத்தை மெதுவாக மூடினாள். எழுந்து நின்றாள்.

“இதுவும் வாத்தியார் ஆயிடுச்சு, தாத்தா,” என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

முப்பது ஆண்டில் ஏழு கடி பட்டவருக்கு எட்டாவது கடி அன்றுதான் விழுந்தது. அடுத்த நாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாள் ஆறு பேருமே வரவில்லை. பாயில் தடியன் தனியே படுத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. படிவத்தில் அதன் பணித்திறன் “மிக நன்று” என்று பதிவாயிற்று.

ஆய்வு நாள் விடிந்தது. கல்வி அதிகாரி வந்தார். கையில் ஒரு துண்டுத் தாளும் இல்லாமல் ஒரு மணி நேரம் முழங்கக் கூடியவர் என்று பெயரெடுத்தவர். அறையில் குழந்தைகளும் பெற்றோர்களும் நிறைந்திருக்க, முன்வரிசையில் தடியன் ஊழியர்களோடு ஊழியராக உட்கார்ந்திருந்தது.

“வாசிப்புதான் வாழ்க்கை!” என்று முழங்கி, சுட்டுவிரலை வானை நோக்கி உயர்த்தினார் அதிகாரி.

தடியன் குரைத்தது.

“யாரது? ம்... வாசிக்காதவன் மனிதனே இல்லை!” மறுபடி விரல். மறுபடி குரைப்பு.

பின்வரிசையில் யாரோ ஒரு தாய் வாய்விட்டுச் சிரித்தார். அதிகாரியின் முகம் சிவந்தது.

“இந்த நாய் ஏன் என்னைப் பார்த்துக் குரைக்குது?”

“ஐயா, தப்பு வந்தா மட்டும்தான் குரைக்கும்,” என்றார் தலைமையாசிரியை. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

“நிறுத்துங்க! முதல்ல பிள்ளைங்க படிக்கட்டும். ரொம்ப மோசமா படிக்கிறது யாரு? அதைக் கூப்பிடுங்க!”

குருவியை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். உதடு பிரியவில்லை. முதல் வகுப்பு வரிசையிலிருந்து அவள் தம்பி எட்டி எட்டிப் பார்த்தான். வகுப்பாசிரியர் தயாராக விரலை நீவிவிட்டுக்கொண்டார்.

தபால்காரரால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. எழுந்து போய், நீண்ட நாள் நண்பரைக் கண்டவர்போல், வகுப்பாசிரியரின் இரு கைகளையும் தம் கைகளுக்குள் இறுகப் பற்றிக்கொண்டார்.

“என்ன சார் இது, கையை விடுங்க!”

“விட மாட்டேன், சார். கோவிச்சுக்காதீங்க.” பிறகு எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: “குருவி, தடியன் மேல தப்பு இல்லைம்மா. அதைக் குரைக்க வெச்சது நான்தான். அதுக்கு உன் தப்பும் தெரியாது, என் தப்பும் தெரியாது. நீ உட்கார்ந்து படி.”

குருவி தரையில் உட்கார்ந்தாள். தடியன் எழுந்து வந்தது. அவள் பாதத்தின் மேல் தலையை வைத்தது. கண்ணை மூடிக்கொண்டது.

அவள் படித்தாள். முதல் வரி எறும்பாய் ஊர்ந்தது. இரண்டாம் வரி நடந்தது. பக்கத்தின் பாதியில் அவள் குரல் கூரையைத் தொட்டது. மூன்று இடத்தில் இடறினாள், தானே எழுந்தாள், போய்க்கொண்டே இருந்தாள். கடைசி வரி முடிந்தபோது அந்தப் பெரிய அறையில் தடியனின் குறட்டையைத் தவிர வேறு ஒலி இல்லை.

“மூணு தப்பு, ஐயா!” என்று கத்தினார் வகுப்பாசிரியர், கைகள் சிறைப்பட்ட நிலையிலும்.

அதிகாரி அவர் பக்கம் திரும்பவில்லை. நாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் என்னவோ போல் ஆகிவிட்டது. கடைசியில் தொண்டையைக் கனைத்தார்.

“இந்த நாயை என் வண்டியில ஏத்துங்க. அந்தப் புத்தகத்தையும் எடுத்துட்டு வாங்க.”

“ஐயா, அந்தப் பொண்ணு பாஸா ஃபெயிலா?” என்று கேட்டார் தலைமையாசிரியை.

“அப்புறம் சொல்லியனுப்புறேன்.”

பறிமுதல்! குருவி ஓவென்று அழுதாள். அதிகாரியின் ஓட்டுநர் தடியனை அழைத்துப் போனார். கூப்பிட்டால் யோசித்து வரும் தடியன், அன்று யோசிக்காமலே போயிற்று. கால் மணி நேரம் கடந்தும் வண்டி கிளம்பும் ஓசை கேட்கவில்லை. தபால்காரர் பொறுமையிழந்து, முழங்கால் வலியை மறந்து வாசலுக்கு ஓடினார்.

வண்டி மரத்தடியில் நின்றது. கண்ணாடிகள் எல்லாம் ஏற்றப்பட்டிருந்தன. ஓட்டுநர் மட்டும் வெளியே காவலுக்கு நிற்பவர்போல நின்றிருந்தார்.

“தம்பி, நாயை விட்டுடச் சொல்லுப்பா! தண்டனை ஏதாவதுன்னா எனக்குக் கொடுக்கச் சொல்லு!”

“உஷ்ஷ்! மெதுவாப் பேசுங்கண்ணே. பாப்பா பாஸ். ஐயா சொல்லச் சொன்னாரு.”

“அப்ப நாயை எதுக்குய்யா பிடிச்சு வெச்சிருக்காரு?”

ஓட்டுநர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத் தபால்காரரின் காதருகே குனிந்தார்.

“கிட்டப் போயிடாதீங்கண்ணே, ஐயா இப்பத்தான் ரெண்டாவது வரிக்கு வந்திருக்காரு. சின்ன வயசுல வகுப்பே சிரிச்சதுன்னு புத்தகத்தை மூடினவரு. இத்தனை வருஷமா அந்த ஆபீஸுக்கு வர்ற ஒவ்வொரு காகிதத்தையும் அவருக்குப் படிச்சுச் சொல்றது நான்தான்.”

வாசகரே, நாட்டில் அதிகாரிகளின் எண்ணிக்கைக்கு நாய்கள் போதா! இன்று மாலை உங்கள் வீட்டுக் குழந்தை புத்தகத்தைத் திறந்ததும், வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் போய் உட்காருங்கள்!