ஒரு நொடிக்கான ஒப்புதல் குழு

எங்கள் நகராட்சிக்கு ஒரே ஒரு சர்வர்தான். நிலவறையில், உடைந்த நாற்காலிகளுக்கும் பழைய ஓட்டுப்பெட்டிகளுக்கும் நடுவே அது ராப்பகலாக முனகிக்கொண்டிருக்கும். நகராட்சியின் எல்லா இணையதளங்களும் அதற்குள்தான் குடித்தனம் நடத்தின. தண்ணீர் வாரியத்துக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று, நடனக் குழுவுக்கு ஒன்று, மேயருக்கு மட்டும் இரண்டு. முதன்முதலில் குடிவந்தது கல்லறைத் தோட்டம். எங்கள் ஊர்க்காரர்களில் பாதிப்பேர் வியன்னாவில் சுவர் எழுப்பப் போய்விட்டவர்கள். அப்பா அம்மா கல்லறையில் மெழுகுவத்தி ஏற்ற அங்கிருந்தபடியே சொல்லிவிடலாம், புதைக்க இடமும் பதிந்துகொள்ளலாம் என்று அந்த வசதி.

நான் அந்த அலுவலகத்தில் காப்பி போடுகிறவள். செர்பியாவில் அது ஒரு முறையான அரசாங்க உத்தியோகம். கையில் தட்டு இருந்தால் எந்த அறைக்குள்ளும் கதவைத் தட்டாமல் நுழையலாம். ஆகவே நடந்ததெல்லாம் என் காதில் விழுந்தது.

எங்கள் மேயர் ஸ்ரெத்தென் எஸ்தோனியாவுக்கு ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டு வந்தார். போகும்போது மீசை இருந்தது, வரும்போது இல்லை. அங்கே எல்லாரும் இணையதளத்தைப் பைத்தான் என்ற கணினி மொழியில்தான் எழுதுகிறார்களாம். உடனே ஆணை பிறந்தது: இந்த வருஷம் முதல் மழலையர் பள்ளிக்குக் காகித விண்ணப்பம் அறவே ஒழிக்கப்படுகிறது, பைத்தானில் எழுதிய புதிய தளத்தில் மட்டுமே விண்ணப்பிக்கலாம்.

இதில் என் வீட்டு விஷயமும் ஒன்று இருந்தது. என் மருமகள் யஸ்னாவுக்குக் கேபிள் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. செப்டம்பர் முதல் தேதி சேர வேண்டும். பேத்தி துன்யாவுக்குப் பள்ளியில் இடம் கிடைத்தால் வேலை. இல்லையென்றால் அந்த வேலை அடுத்த தெரு வெஸ்னாவுக்கு. ஜூன் முடிந்தால் விண்ணப்பம் மூடிவிடும்.

தளத்தை எழுத வந்த பெண் நெவெனா. கெட்டிக்காரி, வசந்தத்திலேயே எழுதி முடித்துவிட்டாள். வைக்கிற இடத்தில்தான் சிக்கல். அதை அவள் என்னிடம் இப்படிச் சொன்னாள்:

"பழைய தளம் எல்லாம் அலமாரியில அடுக்கின நோட்டீஸ் மாதிரி, அக்கா. கேட்டா எடுத்துக் காட்டினாப் போதும். என்னோடது முழிச்சு உக்காந்து பதில் சொல்ற ஆளு. அதுக்கு உள்ள தனி அறை போட்டுட்டேன். ஆனா தெருவாசல் ஒண்ணுதான். அங்க இருக்கிற காவல்காரன், வர்றவங்க யாரைத் தேடி வர்றாங்கன்னு கேட்டு அந்தந்த அறைக்கு அனுப்புவான். அவன் பட்டியல்ல என் தளத்துப் பேரையும் எழுதிட்டேன். அவன் ஒரு தடவை வேலையை நிறுத்திட்டு, திரும்பத் தொடங்கினாத்தான் அதைப் படிப்பான்."

"எவ்வளவு நேரம் நிக்கணும்?"

"ஒரு நொடி."

சர்வருக்குப் பொறுப்பாளர் க்வோஸ்தென். தான் வந்து சேர்ந்த நாளிலிருந்து அந்தக் காவல்காரன் நின்றதே இல்லை என்பதுதான் அவர் வாழ்க்கையின் ஒரே சாதனை. அதைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன் என்று ஃபைலை மேலே தள்ளிவிட்டார். அவன் நின்றால் எல்லாத் தளமும் நிற்கும். எனவே எல்லாத் துறையும் சம்மதிக்க வேண்டும். அப்படித்தான் ஒரு நொடிக்கான ஒப்புதல் குழு அமைந்தது. தலைவர், கல்லறைத் தோட்டத்து இயக்குநர் திஹோமிர்.

முதல் கூட்டத்தில் திஹோமிர் கேட்டார்: "எந்த நொடிம்மா?"

"எதுவா இருந்தாலும் சரிங்க."

"அது எப்படி? எதுன்னே தெரியாத நொடிக்கு நான் கையெழுத்துப் போடறதா?"

நியாயம்தானே. நொடியைத் தேர்வு செய்ய ஒரு துணைக்குழு அமைத்தார்கள். காலையில் கூடாது, எங்கே தண்ணீர் வராது என்று ஜனங்கள் பார்க்கும் நேரம் என்றது வாரியம். சாயங்காலம் கூடாது என்றது நடனக் குழு. சனிக்கிழமை கூடவே கூடாது, இறந்தவர்களை நினைக்கும் நாளெல்லாம் சனிக்கிழமையில்தான் வருகிறது என்றார் திஹோமிர். ராத்திரி வைத்துக்கொள்ளலாம் என்றால், ராத்திரி நொடிக்குக் கூடுதல் படி கேட்டார் க்வோஸ்தென். எனக்குக் காப்பி ஊற்றி ஊற்றிக் கை வலி கண்டுவிட்டது. ஜூன் கரைந்துகொண்டிருந்தது. யஸ்னா தினமும் வாசலிலேயே வைத்துக் கேட்பாள், "நொடி கெடச்சுதா அத்தை?"

அதற்குள் நகராட்சியின் ஸ்லாவா வந்துவிட்டது. காவல் புனிதருக்கு நாங்கள் எடுக்கும் விழா. அன்றைக்கு யாரையும் அழைப்பதில்லை. வந்தவரைத் திருப்பி அனுப்புவதும் இல்லை. புதிய தளத்தையும் அன்றே திறந்துவிடுவது என்று மேயர் முடிவு செய்தார். ரிப்பன் வாங்கியாகிவிட்டது.

க்வோஸ்தென் மெதுவாகச் சொன்னார், காவல்காரனுக்குப் புதிய தளத்தின் பெயர் இன்னும் தெரியாது என்று.

"தெரியாத பேரைச் சொல்லி ஆள் வந்தா என்ன பண்ணுவான்?" என்றார் மேயர்.

"முதல்ல குடிவந்தவங்க அறைக்கு அனுப்பிடுவான்."

"விருந்தாளியைத் திருப்பி அனுப்பலை இல்ல? அப்புறம் என்ன?"

பாதிரியார் ரொட்டியைச் சிலுவையாக அறுத்து ஒயின் ஊற்றினார், மேயர் ரிப்பனை வெட்டினார். முற்றத்தில் நின்ற தாய்மார்கள் எல்லாரும் கைப்பேசியைத் திறந்தார்கள். எல்லாருக்கும் கல்லறைத் தோட்டம் வந்தது.

ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. எங்கள் ஊரில் நாய் வரியை நூலகத்தில்தான் கட்டுகிறோம். பிறப்புச் சான்றிதழைத் தண்ணீர் வாரியத்து ஜன்னலில்தான் வாங்குகிறோம். பள்ளிக்குக் கல்லறை வழியாகப் போகச் சொன்னால் அதற்கும் ஏதாவது விதி இருக்கும். எல்லாரும் குனிந்து நிரப்பத் தொடங்கினார்கள். நானும் யஸ்னாவின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.

"வெயிலா நிழலான்னு கேக்குது அத்தை."

"நிழல்னு போடு. வெயில்ல குழந்தை கறுத்துடும்."

"எவ்வளவு காலத்துக்குன்னு கேக்குது. கொறஞ்சதே பத்து வருஷமாம்."

"பள்ளிக்கூடம் மூணு வருஷந்தானே?"

"அரசாங்கம் தர்றதை ஏன் கொறைக்கணும்? வர்ற நாள் செப்டம்பர் ஒண்ணுன்னு போட்டுட்டேன்."

அழுத்தியதும் வாழ்த்துச் செய்தி வந்தது. இவ்வளவு வேகமாக நகராட்சியில் எந்தக் காரியமும் நடந்ததில்லை என்று தாய்மார்கள் மேயரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மூலையில் நின்ற நெவெனா மட்டும் ஒரு கோப்பை ரக்கியா சாராயத்தை ஒரே மடக்கில் இறக்கினாள்.

மத்தியானம், நடைவழியில் ஆட்டுக்கறி வேகவைக்க வைத்த மின் அடுப்புகள் எல்லாம் ஒன்றாக எரிந்ததில் கட்டடம் முழுக்க மின்சாரம் போயிற்று. நிலவறையின் முனகலும் நின்றது. சாயங்காலம்வரை ஊரில் ஒரு தளமும் இல்லை. வியன்னாவிலிருந்து புகார் சொல்லி ஒரு போன்கூட வரவில்லை. தண்ணீர் வழக்கம்போல வரவில்லை. மேலே திஹோமிரின் குழு, திரையை இழுத்துவிட்டு, விழா மெழுகுவத்தி வெளிச்சத்தில், அந்த ஒரு நொடியைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தது.

மின்சாரம் வந்தது. காவல்காரன் விழித்தான், பட்டியலைப் படித்தான், நெவெனா எழுதிவைத்த பெயரைப் பார்த்தான். பள்ளித் தளம் திறந்துகொண்டது. யஸ்னா மறுபடி விண்ணப்பித்தாள். துன்யாவுக்கு இடமும் கிடைத்தது. ஆனால் புதிய தளத்தில் நிழல் கேட்கும் வசதி இல்லை, பழையதே மேல் என்று தாய்மார்கள் மனு கொடுத்திருக்கிறார்கள்.

சர்வர் நின்றதற்கு ஒப்புதல் தரப்படவில்லை; ஆகவே அது நிற்கவில்லை என்று குழு தீர்மானம் போட்டது. வேலை முடிந்துவிட்டதே, குழுவைக் கலைக்கலாமா என்று பேச்சு வந்தபோது, விழா நாளில் ஒதுக்கிய கல்லறை இடங்களை உறுதி செய்யும் பொறுப்பை அதற்கே கொடுத்துவிட்டார்கள்.

துன்யா பேரில் இருக்கும் இடத்தை வேண்டாமென்று எழுதிக் கொடு என்றேன் யஸ்னாவிடம்.

"கெடச்சதை யாராவது திருப்பித் தருவாங்களா அத்தை? பேரை மட்டும் உங்க பேருக்கு மாத்தச் சொல்லிட்டேன். நல்ல லிண்டன் மரத்து நிழல்."

"வர்ற நாளு?"

"அது செப்டம்பர் ஒண்ணுன்னே இருக்கு. குழு கையெழுத்துப் போட்டாத்தான் செல்லுமாம், பயப்படாதீங்க."

அன்றிலிருந்து அந்தக் குழுவுக்கு மட்டும் காப்பியோடு லட்டு மாதிரி உருட்டிய வால்நட் இனிப்பும் கொண்டுபோய் வைக்கிறேன். கூட்டம் முடிந்துவிடக் கூடாது பாருங்கள்.