சம்பந்தி குழுவிலிருந்து வெளியேறினார்

பெடாஸில் வசிக்கும் மதிப்பிற்குரிய சம்பந்தி புவனேஸ்வரன் அவர்களுக்கு,

புக்கிட் பெலண்டோக் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிய முன்னாள் கிராணி அமிர்தலிங்கம் கைகூப்பி எழுதுவது. இங்கே என் இரத்த அழுத்தத்தைத் தவிர மற்ற எல்லாரும் நலம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க அம்மன் துணையிருப்பாள்.

நேற்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், “புவனேஸ்வரன் குழுவிலிருந்து வெளியேறினார்” என்று கைப்பேசியில் ஒரு வரி வந்தது. பிசைந்த சோறு கையிலேயே காய்ந்துவிட்டது. மகள் ரோகினி அதைப் பார்த்துவிட்டு அறைக்குள் போனவள்தான், இன்னும் சரியாகச் சாப்பிடவில்லை. ஆவணியில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு சம்பந்தி இப்படி வெளியேறினால் பெண்ணைப் பெற்றவன் என்னவென்று நினைப்பான், சொல்லுங்கள்? அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். கோபித்துக்கொள்வதாக இருந்தால் முழுவதையும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் எங்கள் மண்டபக் குழுத் தலைவர் குணாளனால் வந்த வினை. கல்யாணத்துக்கு முன் தோட்டத்து மண்டபத்தின் கூரை ஒழுகலை அடைத்து, சுவருக்குச் சாயம் பூசி, ஊரே கூடிக் கூலியில்லாமல் கைகொடுக்கும் ஒரு கோத்தோங் ரோயோங்கில் முடித்துவிடலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். அந்த நேரம் பார்த்து அவர் போர்ட்டிக்சனில் ஏதோ பயிற்சிக்குப் போய், வெளிப்படைத்தன்மை என்ற சொல்லைக் கற்றுக்கொண்டு வந்தார். “கிராணி அண்ணே, இனிமே வீடு வீடாப் போய்ப் பேசற வேலையெல்லாம் வேணாம். அங்க ஒண்ணு பேசுவாங்க, இங்க ஒண்ணு பேசுவாங்க. எல்லாத்தையும் குரூப்புல போடுங்க, எல்லாருக்கும் தெரியட்டும் லா” என்றார். நானும் மண்டையை ஆட்டினேன். ஊர் முழுவதையும் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார். சம்பந்தியிடம் மட்டும் ஒளிவுமறைவு எதற்கு என்று உங்களையும் சேர்க்கச் சொன்னது நான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அனைவரும் வரவும் என்று குழுவில் போட்டேன். “போலே லா”, “போலே கிராணி” என்று சம்மதமும், கட்டைவிரல், கும்பிடும் கை, ரோஜாப்பூவும் வந்து குவிந்தன. ஞாயிறு காலை மண்டபத்துக்குப் போனால் நானும் சாய வாளியும் ஒரு சொறிநாயும்தான் இருந்தோம். வெயில் ஏறும்வரை நின்றேன். எதிரே சாப்பாட்டுக்கடை மதார் மைதீன் எட்டிப் பார்த்துவிட்டு, பார்க்காதது மாதிரி ரொட்டி சானாய் வீசப் போய்விட்டார்.

குணாளன் அதோடு விட்டாரா? “வராதவங்க காரணத்த வெளிப்படையாப் போடணும்” என்று உத்தரவு போட்டார். போட்டார்கள் ஐயா, போட்டார்கள்! பக்கத்து வீட்டு முத்தாயி, “கிராணி மரத்து மாங்கா எங்க கூரையில விழுது. ஓட்டை எங்களுக்கு, மாங்கா அவருக்கு” என்று போட்டது. ஊரிலேயே நீள ஏணி வைத்திருக்கும் மாயாண்டி, “இரவல் குடுத்த ஏணி ஒரு படி குறைஞ்சு திரும்பி வந்துச்சு” என்றான். மதார் மைதீன், “கிராணி இப்பல்லாம் லுக்குட் டவுன் கடைக்குப் போய்த்தானே தேத்தண்ணி குடிக்கிறாரு, அந்தக் கடைக்காரனக் கூப்பிடட்டும்” என்று எழுதினார். கடைசியில் தலைவரே, வெளிப்படைத்தன்மைக்காகத் தானும் ஒன்று சொல்வதாக, திருவிழாவில் அவர் பேசும்போது நான் மைக்கை அணைத்த கதையைப் போட்டார். அவர் பேச்சு முடியாமல் பானையில் இருந்த கஞ்சி ஆறிப்போனதை மட்டும் போடவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நேற்றுக் காலை குரல் பதிவில் கத்திவிட்டேன். அதில்தான், “பெடாஸ்லேருந்து வர்றவங்க எதுலயும் ஒரு குத்தம் கண்டுபிடிக்கிற ஆளுங்க, அவங்க முன்னாடி என் மானத்த வாங்காதீங்கடா” என்று ஒரு வார்த்தை வந்துவிட்டது. சத்தியமாக உங்களைச் சொல்லவில்லை. பெடாஸில் வேறு ஆட்களும் இருக்கிறார்கள் அல்லவா? ஆனால் மத்தியானமே நீங்கள் வெளியேறிவிட்டீர்கள்.

சாயங்காலம் என் வீட்டுக்காரி குமுதவல்லி என்னைத் தரதரவென்று முத்தாயி வீட்டுக்கு இழுத்துப் போனாள். முத்தாயி இடுப்பில் கைவைத்து நின்று கேட்டது: “குரூப்புல ஊரையே கூப்பிட்டீங்க, என்னையக் கூப்பிட்டீங்களா? இது கல்யாண வேலைங்க. என் வாசல்ல வந்து ‘வா முத்தாயி’ன்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க வாய் வலிக்குமா?” எனக்குச் சுருக்கென்றது. மாங்காயும் ஏணியும் இல்லை, இதுதான் விஷயம். குமுதவல்லி வெற்றிலை பாக்குத் தட்டை எடுத்தாள், நான் பின்னால் போனேன். மாயாண்டி வீட்டில் காப்பி, மதார் மைதீன் கடையில் தேத்தண்ணி, வயிறு தண்ணீர்த் தொட்டி ஆகிவிட்டது. இன்று வேலை விட்டதும் எல்லாரும் மண்டபத்தில்தான் இருக்கிறார்கள். மாயாண்டி படி குறைந்த ஏணியிலேயே கூரைக்கு ஏறிவிட்டான்.

ஆகவே மண்டபம் தயாராகிவிடும், சம்பந்தி. நீங்கள் தேதியைத் தள்ளிவிடுவீர்களோ என்பதுதான் என் பயம். எனக்குத் தண்டனை கொடுங்கள், பந்தியில் கடைசி இலையில் உட்கார வையுங்கள். என் பெண்ணை அழவிடாதீர்கள். சம்பந்தியம்மாளுக்கு வணக்கமும் மாப்பிள்ளைக்கு ஆசியும் சொல்லவும்.

தங்கள் பதிலை எதிர்பார்த்து வாசலையே பார்த்திருக்கும்,
அமிர்தலிங்கம்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ரோகினி சிரித்துக்கொண்டே அறையிலிருந்து வந்தாள். மாப்பிள்ளையிடம் பேசினாளாம். முத்தாயி தினமும் போடும் காலை வணக்கப் பூப்படங்களால் உங்கள் கைப்பேசி நிரம்பிப்போனதால்தான் வெளியேறினீர்களாம். குழுவில் ஒரு வரியும் படித்ததில்லையாம், குரல் பதிவையும் கேட்கவில்லையாம். அட கடவுளே, மேலே உள்ள அத்தனையையும் நானே உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க இருந்தேன்! இந்தக் கடிதம் பெடாஸுக்கு வராது. உங்களுக்கு வருத்தம் ஒன்றே ஒன்றுதானாம்: மண்டப வேலை நடப்பதை உங்கள் வீட்டு வாசலில் வந்து யாரும் சொல்லவில்லை என்பது. நாளைக் காலையே வருகிறோம். ரோகினி தட்டு நிறையச் சோறு போட்டுச் சாப்பிடுகிறாள். உங்களுக்குக் கொண்டுவரும் வெற்றிலைத் தட்டில் விரிக்கக் குமுதவல்லி தாள் தேடிக்கொண்டிருக்கிறாள். முதலில் இதை அவள் கண்ணில் படாமல் ஒளித்து வைக்க வேண்டும்.