இரண்டு வெள்ளி ஸ்பூன்

அன்பும் மதிப்பும் நிறைந்த பெரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவோடு எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. நலம் என்றால் பொய்யாகிவிடும். ஆகவே ஆவலை மட்டும் ஏற்றுக்கொள்ளவும்.

முப்பது வருஷமாக நான் போட்டோ ஸ்டூடியோவை நடத்துகிறேன், சளி என்னை நடத்துகிறது. போன வருஷம் யாரோ ஒரு புண்ணியவான், வெள்ளித் தண்ணீர் குடித்தால் சளி ஓடிப்போகும் என்று வீடியோவில் சத்தியம் செய்தார். காய்ச்சி வடித்த தண்ணீரில் இரண்டு வெள்ளித் துண்டைத் தொங்கவிட்டு பேட்டரி மாட்டினால் வெள்ளி கரைந்து தண்ணீரில் இறங்குமாம். வீட்டில் வெள்ளி என்றிருந்தது கல்யாணத்தன்று உங்கள் அப்பா அவள் கையில் கொடுத்த இரண்டு ஸ்பூன்தான். கேட்டால் தரமாட்டாள் என்பதால் கேட்கவில்லை. ஸ்டூடியோ இருட்டறையில் வைத்துத் தயாரித்து, பத்து மாசம், வேளைக்கு ஒரு டம்ளர்.

அப்புறம் கேளுங்க மச்சான். கடை திறந்ததும் கலர் சரியா வருதான்னு பார்க்க முதல்ல என்னையே ஒரு போட்டோ எடுத்துக்குவேன், அது தொழில் பழக்கம். அதுல மூஞ்சி நீலமா வந்துச்சு. பிரிண்டர் கெட்டுப்போச்சுன்னு நீலத்தைக் குறைச்சேன். மறுபடி நீலம், மறுபடி குறைச்சேன். மெக்கானிக்கை வேற வாய்க்கு வந்தபடி திட்டினேன், பாவம். கடைசியில என் போட்டோ நல்லா வந்துச்சு, ஊர்ல உள்ளவங்க எல்லாம் மஞ்சளா வந்தாங்க. ஒரு டீச்சரம்மா தன் போட்டோவைப் பார்த்துப் பதறி, காமாலைன்னு ரத்தப் பரிசோதனைக்கே போயிட்டாங்க. ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சதும் நேரா கடைக்கு வந்து, "எனக்கு ஒண்ணுமில்ல சார், உங்க மூஞ்சிதான் ஏன் இப்படி நீலம் பாரிச்சுக் கிடக்கு?"ன்னு கேட்டாங்க. பக்கத்துல உங்க தங்கச்சி.

அவ நேரா, நான் தினமும் கதவைச் சாத்திக்கிட்டு நுழையற இருட்டறைக்குள்ள போனா. ஒரு ஸ்பூன் பல்குத்துற குச்சியா மெலிஞ்சிருந்துச்சு, இன்னொண்ணு கன்னங்கரேல்னு இருந்துச்சு. "எங்கப்பா குடுத்ததைக் குடிச்சே தீர்த்துட்டீங்களே"ன்னா. கறுத்த ஸ்பூனைக் கைக்குட்டையில சுத்திக்கிட்டு உங்க வீட்டுக்கு வந்துட்டா. திட்டியிருந்தா தாங்கியிருப்பேன் மச்சான்.

தோலுக்குள்ள இறங்கின வெள்ளி இனிமே போகாதுங்கறார் டாக்டர். சளியும் போகல. முன்னெல்லாம் நான் தும்மினா, "தலையில துண்டைக் கட்டுங்க"ன்னு சமையல்கட்டுல இருந்து சத்தம் வரும். இப்பவும் தும்மிட்டு நின்னு பார்க்கறேன், ஒரு சத்தமும் இல்ல. என்னால முடியல. பேட்டரி, ஒயர் எல்லாம் குப்பைக்குப் போயாச்சு, உங்க தங்கச்சி மேல சத்தியம். எப்படியாவது பேசி அனுப்பி வையுங்க.

வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லவும். குழந்தைகளுக்கு என் ஆசிகள், தூரத்திலிருந்தே. நேரில் பார்த்தால் பயப்படுவார்கள்.

இப்படிக்கு,
நிறம் மாறினாலும் குணம் மாறாத
தங்கள் மாப்பிள்ளை

பி.கு.: இந்த வாரம் சளி கொஞ்சம் அதிகம். பேட்டரியைக் குப்பையிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். ஒற்றை ஸ்பூனை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. அவள் வரும்போது அந்தக் கறுத்த ஸ்பூனையும் மறக்காமல் கொண்டுவரச் சொல்லவும். எதற்கென்று மட்டும் சொல்ல வேண்டாம்.